தான்சானியாவில் தன்னார்வப் பணி: ஊர்க்காரர்களோடு பழகுவது எப்படி?

கிளிமஞ்சாரோ மலைச்சரிவில், மோஷி நகருக்கு மேலே உள்ள ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் மூன்று மாதம் நூலக வேலை செய்தேன். முதல் பத்து நாள் வீணாகத்தான் போனது. காலையில் விறுவிறுவென்று நடந்து பள்ளிக்குப் போவேன், புத்தகங்களுக்கு எண் ஒட்டுவேன், மாலையில் மற்ற தன்னார்வலர்களோடு அறைக்குத் திரும்பிவிடுவேன். வழியில் பார்ப்பவர்களுக்கு ஒரு ‘ஜாம்போ’, அவ்வளவுதான். அது வெளியூர்க்காரர்களிடம் பேசும் வணக்கம் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் முதலில் வணக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மூத்தவர்களுக்கு ‘ஷிகமோ’ சொல்ல வேண்டும். அவர்கள் ‘மரஹபா’ என்பார்கள். மற்றவர்களிடம் காலைச் செய்தி என்ன, வீட்டுச் செய்தி என்ன, வேலைச் செய்தி என்ன என்று ‘ஹபாரி’யில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்பது வழக்கம். நின்று கேளுங்கள், பதிலையும் நின்று வாங்குங்கள். பதினைந்து நிமிட நடை எனக்கு நாற்பது நிமிடமானது. அதற்காகவே சீக்கிரம் கிளம்பினேன். யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் ‘போலே ந காஸி’ சொல்லுங்கள். ‘போலே’ அருமையான சொல். தடுக்கி விழுந்தவருக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும், சுமை தூக்கி வருபவருக்கும் அதுவே ஆறுதல்.

பிள்ளை பெற்ற பெண்களை மூத்த பிள்ளையின் பெயர் சேர்த்து ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மாமா என்றால் அம்மா. நம் காதுக்குப் பழக ஒரு வாரம் ஆகும், பரவாயில்லை. உங்களை ‘ம்ஹிந்தி’ என்பார்கள், இந்தியர் என்று பொருள். கோபப்பட ஒன்றுமில்லை, உங்கள் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

தொடக்கப்பள்ளியில் பாடமொழி சுவாஹிலி, உயர்நிலைப்பள்ளிக்குப் போனால்தான் ஆங்கிலம். எனவே ஆங்கிலத்தை நம்பிப் போனால் குழந்தைகளோடு பேசவே முடியாது. நமக்கு இந்த மொழி அவ்வளவு கடினமில்லை. ஒரே வினைச்சொல்லுக்குள் ஆள், காலம் எல்லாம் ஒட்டிக்கொள்வது நமக்குப் பழகியதுதானே.

நேரக் கணக்கை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியை ஞாயிற்றுக்கிழமை ‘ஸா டாட்டு’வுக்கு, அதாவது மூன்று மணிக்கு, வீட்டுக்கு வரச் சொன்னார். நான் மதியம் மூன்று மணிக்குப் போனேன். அவர் காலை ஒன்பதிலிருந்து காத்திருந்தார். பூமத்தியரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு உதிக்கிறது. அங்கிருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் நாழிகை எண்ணிய மாதிரி. கேட்ட எண்ணோடு ஆறைக் கூட்டுங்கள், சந்தேகமிருந்தால் ‘காலையிலா?’ என்று கேட்டுவிடுங்கள். அன்று அவர் ஆறிய சோற்றைச் சூடாக்கிப் பரிமாறியது இன்னும் மனதை அறுக்கிறது.

வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுங்கள், ‘கரிபு’ என்று பதில் வந்தபின் உள்ளே போங்கள். சாப்பாட்டு நேரமென்றால் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ‘உகாலி’ என்ற மக்காச்சோளக் களியை வலது கையில் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, கீரையைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே பாதி அந்நியம் கரைந்துவிடும்.

எனக்கு ஊர்ப் பெண்களை நெருக்கமாக்கியது ‘கங்கா’ துணி. இரண்டாகச் சேர்த்து விற்கும் வண்ணத்துணி. ஒவ்வொன்றிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் பழமொழி. கொடியில் காயும் துணிகளை எழுத்துக்கூட்டிப் படித்து, பொருள் கேட்கத் தொடங்கினேன். ‘ஹபா ந ஹபா ஹுஜாஸா கிபாபா’ என்று ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நாழி நிறையும். எங்கள் ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று நான் சொல்ல, அதை அவர்கள் தமிழிலேயே திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு எந்தத் துணி யார் கொடுத்தது, எந்த வரி யாரைக் குத்த வாங்கியது என்று மாலைகள் கதையாகவே போயின. உங்களுக்குக் கங்கா வேறு ஏதாவது ஒன்றாக இருக்கலாம். ஆனால் அவர்கள் ஆசிரியராகவும் நீங்கள் மாணவராகவும் இருக்கும் ஒரு விஷயத்தைத் தேடிப் பிடியுங்கள்.

புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். எடுத்ததைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். அப்புறம் ஒன்று: ஊதியமில்லாத வேலைக்கும் அனுமதி தேவை, சுற்றுலா விசா போதாது. கிளம்புமுன் உங்களை அழைக்கும் அமைப்பிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

திரும்பி வருவதாக யாரிடமும் சும்மா சொல்லாதீர்கள், குழந்தைகளிடம் நிச்சயமாக வேண்டாம். நான் அதற்குப் பதில் தொலைபேசி எண் வாங்கிக்கொண்டேன். இப்போதும் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல்செய்தி வரும்: காலை, வீடு, வேலை, என் அம்மாவின் முழங்கால் என்று வரிசையாக விசாரித்து முடித்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்வார்.