வரைவு முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி?

நகரின் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, பெரும்பாலோர் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தங்கள் மனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 26ஆம் பிரிவு, அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது 2 மாத அவகாசம் தந்து, எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்க இடமளிக்கிறது. சொந்த நிலம் இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு.

எழுத உட்காருமுன், திட்டமிடுவோர் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதில் தெளிவு வேண்டும். 'பொதுநலன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருடைய நலன் என்பது மறைந்துவிடும். திட்டமிடலில் நடுநிலை என்று ஒன்றில்லை, வழக்கறிஞர் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல் திட்டமிடுவோரும் எளியவர்களுக்காக வாதாட வேண்டும் என்று 1965இல் அமெரிக்கரான பால் டேவிடாஃப் எழுதினார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரின் திட்ட இயக்குநராக 1969 முதல் 1979 வரை இருந்த நார்மன் க்ரம்ஹோல்ஸ், வாய்ப்புகள் குறைந்தவர்களுக்கு வாய்ப்புகளைக் கூட்டுவதே முதற்கடமை என்று 1975இல் அறிக்கையாகவே வெளியிட்டு, கார் இல்லாத குடும்பங்களுக்காகப் பேருந்துக் கட்டணத்தைக் குறைக்கப் போராடினார். இந்த அளவுகோலையே நான் ஏற்கிறேன். திட்டம் பிழையாகப் போனால் வசதியுள்ளவர் வேறிடம் போய்விடுவார், மற்றவர் அங்கேயே கிடந்து அவதிப்படுவார்.

இனி, வரைபடத்தோடு விடியற்காலையில் தெருவில் இறங்கி நடங்கள். பேருந்து நிறுத்தத்தருகே இட்லி விற்கும் அம்மாவின் தள்ளுவண்டி நிற்கும் இடம் வழியாக உத்தேசச் சாலைக்கோடு போகிறதா, போகிறதென்றால் அவருக்கு மாற்றிடம் எங்கேனும் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே எண்) அது எவ்வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டை எடுத்து, ஏரிப் புறம்போக்கு என்று அதில் பதிவான புல எண் வரைவில் குடியிருப்புப் பகுதியாக நிறம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மாறியிருந்தால், அடுத்த பெருமழையில் முதலில் மூழ்கப்போவது அதையொட்டிய தாழ்வான வீடுகள்தான்.

மனுவில் கிராமத்தின் பெயர், புல எண், வரைவில் உள்ளது, அதனால் வாழ்விழப்பவர் யார், நீங்கள் கோரும் திருத்தம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். 'ஏழைகள் பாதிக்கப்படுவர்' என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை வீடுகள், எத்தனை வண்டிகள் என்று எண்ணி எழுதுங்கள். தங்களை நேரில் விசாரிக்கும்படி கோரியவர்களுக்கே அந்த வாய்ப்பு என்பதால், அக்கோரிக்கையை மனுவிலேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். விசாரணை நாளன்று அந்த இட்லிக்கார அம்மாவையும் உடன் அழைத்துச் சென்று, முதலில் அவரைப் பேசவிடுங்கள்.