மலையோடைக் காடிஸ் பூச்சி: புதிய சிற்றினத்தை விவரிப்பது எப்படி?

குளிர்ந்த மலையோடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணலையும் பொடிக் கற்களையும் ஒட்டிச் செய்த சின்னக் குழாய் ஒன்று அடியில் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் குழாய் நகரும். உள்ளே இருப்பது காடிஸ் பூச்சியின் புழு. வாயருகே சுரக்கும் பட்டு நூலால் அது கட்டிய வீடு அந்தக் குழாய். வளர்ந்த பூச்சியைப் பார்த்தால் அந்துப்பூச்சி என்றே நினைப்போம். ஆனால் அதன் இறக்கையில் செதிலுக்குப் பதில் மயிர். ட்ரைகாப்டெரா என்ற வரிசைப் பெயருக்கும் மயிர்ச்சிறகு என்றுதான் பொருள்.

இதுவரை 16,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இன்னும் புதியவை வந்துகொண்டே இருக்கின்றன, குறிப்பாக உயரமான மலைகளிலிருந்து. ஓர் ஊற்றோடைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முகடு நின்றால் போதும், இரண்டு பக்கத்துக் கூட்டங்களும் தனித்தனியாக மாறத் தொடங்கும். ஆல்ப்ஸ், கார்பாத்தியன், பால்கன் மலைகளில் வாழும் ட்ரூசஸ் பேரினத்தில், ஒரே மலைத்தொடரின் ஒருசில ஊற்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத சிற்றினங்கள் உண்டு.

அதனால் புதிதாக ஒன்று அகப்படுவது அவ்வளவு அபூர்வம் இல்லை. பெயர் வைத்த பழையவற்றில் எதுவும் இது இல்லை என்று காட்டுவதில்தான் வேலையே இருக்கிறது.

பிடிப்பது

முதலில் அனுமதி. காப்புக்காடு, தேசியப் பூங்கா என்றால் எழுத்தில் வாங்கி வையுங்கள். கட்டுரையில் அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

தாழ்வான இடங்களில் வெள்ளைத் துணியும் புற ஊதா விளக்கும் வைத்தால் பூச்சிகள் தானாக வரும். பனிக்கோட்டுக்குப் பக்கத்தில் இரவு அவ்வளவு குளிரும் என்பதால் விளக்கை நம்ப முடியாது. பகலில் கரையோரப் புல்லை வலையால் வீசுங்கள், கரைக் கற்களின் அடியைப் பாருங்கள். ஆண் பூச்சிகள் பலவாகக் கிடைத்தால்தான் நல்லது. ஒரே ஒரு ஆணை வைத்துக்கொண்டு "இந்த முள் வேறு மாதிரி இருக்கிறது" என்றால், அது அந்த ஒரு பூச்சியின் கோளாறாகக்கூட இருக்கலாம்.

டிஎன்ஏ எடுக்க வேண்டியவற்றை 96 சதவீத எத்தனாலிலும், உருவம் பார்க்க வேண்டியவற்றை 80 சதவீதத்திலும் போடுங்கள். இடம், ஆயத்தொலைவு, உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துபோகும்.

வயிற்று நுனியைத் தெளிவாக்குவது

இறக்கையின் நிறத்தையும் அளவையும் வைத்துச் சிற்றினத்தை முடிவு செய்ய முடியாது. ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்புகள்தான் தீர்ப்பு சொல்லும். அவற்றைச் சுற்றித் தசையும் கொழுப்பும் அப்பியிருக்கும். அதைக் கரைத்தால் கடினமான ஓடு மட்டும் மிஞ்சும்.

நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய இடுக்கியால் வயிற்றைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுங்கள். சூடாக்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும். அறை வெப்பத்தில் ஓர் இரவு ஆகும். தொடக்கக்காரர்களுக்கு இரவு முறைதான் சரி. அவசரப்பட்டுச் சூடாக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நான், திரும்பி வந்தபோது கண்டது கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட ஓர் ஓடு. எந்த விளிம்பும் தெரியவில்லை. இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், எனவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அப்புறம் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மீதித் தசையை இடுக்கியால் மெல்ல வெளியே இழுத்து, கிளிசரினுக்கு மாற்றுங்கள். பார்க்கும்போது உருண்டுகொண்டே இருக்கிறதா? கைக்குத் தடவும் சானிடைசர் ஜெல்லில் ஒரு சொட்டு வைத்து அதில் அமிழ்த்தினால் சாய்த்த கோணத்தில் அப்படியே நிற்கும்.

ட்ரூசஸ் என்றால் நான் முதலில் பார்ப்பது வயிற்றின் 8ஆம் கண்டத்தின் (வளையம் போன்ற பகுதியின்) முதுகுத் தகட்டில் உள்ள முள் திட்டு. பிறகு இடை இணையுறுப்புகளின் வடிவம், கீழ் இணையுறுப்புகள், ஆணுறுப்பின் இருபுறமும் நிற்கும் பாராமியர் முட்கள். இடப்பக்கம், மேல், கீழ், பின் என நான்கு கோணங்களிலும் வரையுங்கள். நல்ல புகைப்படம் எடுத்தாலும் கோட்டோவியம் வேண்டும். வரையும்போதுதான் கண் ஒவ்வொரு விளிம்பிலும் நிற்கிறது.

ஒப்பிடுவது

மாதக்கணக்கில் இழுப்பது இந்தப் படிதான். பேரினத்தின் எல்லாச் சிற்றினங்களையும் உலகக் காடிஸ் பட்டியலில் இருந்து எடுத்து, ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் தேடிப் படியுங்கள். பழைய விவரிப்புகளில் நாலு வரியும் ஒரு மங்கலான படமும்தான் இருக்கும். அப்படிப்பட்டதுதான் உங்கள் பூச்சிக்கு மிக நெருக்கமானது என்றால், அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் மூல மாதிரியைப் பார்க்காமல் நகராதீர்கள்.

டிஎன்ஏ பட்டைக்குறியீடு, அதாவது சிஓஐ மரபணுவின் சுமார் 658 எழுத்துத் துண்டு, உதவும். ஆனால் அதை மட்டுமே நம்பிச் சிற்றினத்தைப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை.

புழுவையும் சேர்த்து விவரிக்க ஆசை இருந்தால், வாய் அடைத்த குழாய்க் கூடுகளைத் தேடுங்கள். முதிர்ந்த கூட்டுப்புழுவின் தோல் வழியாகவே ஆணுறுப்பு தெரியும். பல குடும்பங்களில், புழு கழற்றிய தலை ஓடும் மார்புத் தகடுகளும் கூட்டின் அடியில் அப்படியே கிடக்கும். புழுவும் பூச்சியும் ஒன்றுதான் என்பதற்கு அந்த ஒரு கூடே சாட்சி.

பெயரும் எழுத்தும்

பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, இது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேறுபடுத்தும் பண்புகளை எழுத வேண்டும். ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, என்று குறித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில் பதிவும் அவசியம்.

பெயர் லத்தீன் எழுத்தில் இருந்தால் போதும், சொல் எந்த மொழியினதாகவும் இருக்கலாம். லத்தீன் உரிச்சொல் என்றால் பேரினத்தின் பாலுக்கு இசைய வேண்டும்: ட்ரூசஸ் ஆண்பால், ஆகவே அல்பினஸ் வரும், அல்பினா வராது. உங்கள் பெயரையே வைக்க விதி தடுக்காது. ஆனால் துறையில் சிரிப்பார்கள்.

விவரிப்பைவிட "வேறுபாடு" என்ற பத்திக்கு அதிக நேரம் கொடுங்கள். "உறுப்பு நீளமானது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தச் சிற்றினத்தைவிட, எந்தக் கோணத்தில் பார்த்தால் என்று எழுதுங்கள். கட்டுரையைச் சரிபார்ப்பவர் முதலில் படிப்பதும் அந்தப் பத்தியைத்தான்.

ஹோலோடைப்பின் வயிற்று நுனியைக் கிளிசரின் நிரப்பிய சிறு குழாயில் இட்டு, உடலோடு அதே குப்பியில் வைத்து அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். பாராடைப்புகளை, அதாவது ஹோலோடைப்போடு சேர்த்து விவரித்த மற்ற மாதிரிகளை, இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் இன்னோரிடத்தில் மிஞ்சும்.