நீளமுடி உள்ள சின்ன நாய்: வலிக்காமல் சிக்கெடுப்பது எப்படி?

ஷிட்சூ, மால்டீஸ், லாசா அப்சோ போன்ற நாய்களுக்கு மேல்முடி வழவழவென்று இருக்கும்போதே அடியில், தோலை ஒட்டி, சிக்கு விழத் தொடங்கிவிடும். பிரஷ்ஷை முதுகில் நாலு தடவை ஓட்டிவிட்டு நிறுத்திக்கொண்டால் சில வாரங்களில் சடை பிடித்துவிடும். சீப்பு தோல் வரை போக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு, சிக்கெடுக்கும் ஸ்ப்ரே. இந்த மூன்றும் போதும். உலர்ந்த முடியை அப்படியே இழுத்தால் இழை ஒடியும், அதனால் முதலில் லேசாக ஸ்ப்ரே அடியுங்கள். ஸ்லிக்கரை உங்கள் முழங்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அந்த அழுத்தம் நாய்க்கும் எரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தாலும் தோல் சிவந்து புண்ணாகும்.

வழுக்காத விரிப்பில் நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, விரலகல அடுக்கை மட்டும் கீழே விட்டுச் சீவுங்கள். வகிடு எடுத்ததுபோல் தோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைசியில் ஸ்டீல் சீப்பு வேரிலிருந்து நுனி வரை தடைபடாமல் இறங்கினால்தான் அந்த அடுக்கு முடிந்தது. காதுக்குப் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டையும், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் உரசும் இடங்கள், இங்கெல்லாம் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது ஹார்னஸைக் கழற்றிவிடுவது நல்லது.

சிக்கு அகப்பட்டால் அதன் அடிமுடியைத் தோலுக்குப் பக்கத்தில் இரு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். தயவுசெய்து கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சடையோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பி நிற்கும், எது முடி, எது தோல் என்று தெரியாது. நாய்க்கு எளிதில் வெட்டுக்காயம் பட்டுவிடும். தோலோடு ஒட்டி இறுகிய சடையை, நாய்களுக்கு முடி திருத்தும் குரூமரோ கால்நடை மருத்துவரோ மெஷினால் எடுக்கட்டும். பிரித்தே தீருவேன் என்று நாயைப் பாடாய்ப் படுத்த வேண்டாம்.

கொட்டாவி, உதடு நக்கல், தலையைத் திருப்பிக்கொள்வது, இவையெல்லாம் நாய் பொறுமை இழப்பதன் அடையாளம், இவை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிடத் தினம் பத்து நிமிடம் நாய்க்குச் சுலபம்.

குளிப்பாட்டுவது மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் சிக்கெல்லாம் எடுத்த பிறகு. ஈரம் பட்டால் சடை இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீர், நீர்த்த நாய் ஷாம்பு. மனிதர்களுக்கான ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துவராது. வட்டமாகத் தேய்க்காமல் முடி விழும் திசையில் தடவி, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். டவலால் ஒற்றி எடுத்து, டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு அடி தள்ளிப் பிடித்து, சீவிக்கொண்டே வேர் வரை உலர்த்துங்கள்.

பாதத்தடியில் முளைக்கும் முடி வளர்ந்தால் தரையில் வழுக்கும். முனை மழுங்கிய கத்தரியால் பாதத் திண்டு மட்டத்துக்கு மட்டும் வெட்டிவிடலாம்.