கோல்ஃப் கிரீனுக்குப் புல் வெட்டும் மெஷின் வாங்குவது எப்படி?

விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன்னால், காலையில் கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் இடம்) மண்டியிட்டு ஒரு புல்லைக் கிள்ளிப் பாருங்கள். நுனி கத்தரித்த மாதிரி நேராக இருந்தால் இப்போதைய மெஷின் நன்றாக வேலை செய்கிறது. நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால் அது புல்லை இழுத்துக் கிழிக்கிறது. அந்தக் காயத்தின் வழியே ஈரமும் போகும், நோயும் நுழையும்.

வீட்டுத் தோட்டத்து ரோட்டரி மெஷினை இங்கே மறந்துவிடுங்கள். அதன் தட்டைக் கத்தி வேகமாகச் சுழன்று புல்லை அடித்து அறுக்கிறது. கிரீனில் நாம் வெட்டும் உயரம் 3, 4 மில்லிமீட்டர்தான். அதற்கு ரீல் மெஷின் வேண்டும். முறுக்கிய கத்திகள் கொண்ட உருளை சுழல, கீழே அசையாமல் நிற்கும் பெட்நைஃப் என்ற கத்தியில் புல் சிக்கி, கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் துண்டாகும். 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் பிசிறு வெட்டும் ஆலை இயந்திரம்தான் அவருக்கு வழிகாட்டி.

படி 1: உங்கள் புல் எது?
வெயில் ஊர்களில் பெரும்பாலும் கலப்பின பெர்முடா புல். அதில் டிஃப்டுவார்ஃப் என்ற ரகம் 4, 5 மி.மீ. உயரத்தில் நிம்மதியாக இருக்கும். டிஃப்ஈகிள் 3 மி.மீ. பக்கம் வரை தாங்கும். இந்த உயரம் தெரியாமல் கடைக்காரரிடம் பேச்சே எடுக்காதீர்கள்.

படி 2: எத்தனை கத்தி?
புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே மெஷின் நகரும் தூரம், வெட்டும் உயரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கணக்குப் போடுவோம். மணிக்கு 5 கி.மீ. நடை என்றால் நொடிக்கு ஏறக்குறைய 1,390 மி.மீ. ரீல் நிமிடத்துக்கு 1,900 சுற்று, 11 கத்தி: நொடிக்கு 348 வெட்டு. வெட்டுக்கு 4 மி.மீ. ஆகிறது, 4 மி.மீ. உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி. அதே ரீலில் 8 கத்தி என்றால் இடைவெளி ஏறக்குறைய ஐந்தரை மி.மீ. ஆகும், கிரீன் முழுக்க அலை அலையாக வரி விழும். 8 கத்தி மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று 4 மி.மீ. கிரீனுக்கு வாங்காதீர்கள்.

படி 3: நடந்து தள்ளுவதா, உட்கார்ந்து ஓட்டுவதா?
நடந்து ஓட்டும் மெஷினின் அகலம் 21, 22 அங்குலம். மூன்று ரீல் கொண்ட ட்ரிப்ளெக்ஸ் ஒரே ஓட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வெட்டும். 18 குழி மைதானத்தில் ஆள் குறைவு என்றால் ட்ரிப்ளெக்ஸ் தவிர்க்க முடியாதது. ஆனால் கிரீனின் விளிம்பைச் சுற்றித் தினமும் அதே தடத்தில் திரும்பினால் மண் இறுகி, வளையமாகப் புல் மெலியும். எண்ணெய் அழுத்தத்தில் ரீலைச் சுழற்றும் ஹைட்ராலிக் மாடலில் கசிவு ஆபத்து வேறு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், எண்ணெய்க் குழாய் கசிந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் கிரீனின் குறுக்கே கோடு போட்டதுபோல் புல் கருகிக் கிடந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த வலி இன்னும் போகவில்லை. 9 குழி மைதானம், நான்கு ஆள் இருந்தால் நடந்து ஓட்டுவதையே எடுங்கள் என்பேன். ட்ரிப்ளெக்ஸ்தான் வேண்டுமென்றால், ரீல்கள் மின்மோட்டாரில் சுழலும் மாடலைக் கேளுங்கள்.

ரீலுக்கு முன்னால் புல்மேல் உருளும் ரோலர் வரிபோட்டதா, வழவழப்பானதா என்பது பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியது. புல் நலிந்திருக்கும் மாதங்களில் வழவழப்பான ரோலர் நல்லது.

படி 4: சாணை யார் பிடிப்பார்கள்?
ரீலையும் பெட்நைஃபையும் சாணை பிடிக்கும் பட்டறை உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, பெட்நைஃப் உதிரியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த மெஷினும் ஒரே பருவத்தில் புல்லைக் கிழிக்க ஆரம்பிக்கும்.

படி 5: காகிதச் சோதனை
இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செய்தித்தாளை விரல் அகலத் துண்டாகக் கிழித்து, பெட்நைஃபுக்கு நேர்குத்தாகப் பிடித்து, ரீலை ஒரு கட்டையால் மெல்லத் திருப்புங்கள். இடது முனை, நடு, வலது முனை என மூன்று இடத்திலும், ஒவ்வொரு கத்தியிலும் 'சிக்' என்று துண்டாக வேண்டும். எங்காவது காகிதம் மடங்கி நழுவினால், கடைக்காரர் அதைச் சரிசெய்து உங்கள் கண் முன்னாலேயே மறுபடி வெட்டிக் காட்டும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.