ஜார்ஜ் டவுனைப் படத்திலும் பேச்சிலும் பதிவு செய்தல்

சென்னை ஜார்ஜ் டவுன் முழுவதையும் ஆவணப்படுத்த முனைந்தால் வேலை முடியவே முடியாது. ஆகவே, ஆர்மீனியர் 1772இல் கட்டிய தேவாலயம் நிற்கும் அரண்மனைக்காரத் தெரு, குஜராத்தியரும் மார்வாடிகளும் தெலுங்கரும் அடுத்தடுத்து வாழும் தங்கசாலைத் தெரு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் அமைந்த பர்மா பஜார் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதைக் கூடியவரை தெருவாசிகளிடமே விடுங்கள். வெளியாட்கள் பெரும்பாலும் பழைய கதவுகளையும் தூண்களையுமே சுற்றி வருவார்கள் என்பது என் கருத்து. பதிவு எங்கே வைக்கப்படும், யார் கேட்கலாம், பிறகு மறுக்க முடியுமா என்பதையெல்லாம் பேசுபவரின் மொழியிலேயே விளக்கி, எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

“உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று தொடங்கினால் பலரும் தயங்குவர். மாறாக, குடும்பப் படம் ஒன்றை முன்னே வைத்து, ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் பேச்சு தானாகவே விரியும். பஜாரை ஒட்டி, அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவை விற்கும் கடையில், நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் பொரித்த வெங்காயத்தையும் புளித்தண்ணீர் விட்டுப் பிசையும் கையைப் படமெடுத்துவிட்டு, அந்தப் பக்குவத்தை யாரிடம் கற்றார் என்று கேளுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். பழைய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யும்போது, ஸ்டுடியோ முத்திரை இருக்கக்கூடிய பின்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர், இடம், நாள் ஆகியவற்றை அன்றிரவே குறித்து, மூன்று பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பேசியவருக்கும் ஒரு பிரதி தர வேண்டும்.