ஒவ்வொருத்திக்கும் ஒரு பி.பி. நம்பர்

மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் 1972இல் ஆறாம் வகுப்பு சேர்ந்து, 1978இல் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அப்புறம் டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டர் வேலை. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தி. இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. அத்தனை வருடம் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்த எனக்கு, கூடப் படித்தவர்களில் மூன்று பேருடைய நம்பர்தான் தெரியும். அது மனதை அறுத்தது. அன்றே தேட ஆரம்பித்தேன். இப்போது 37 பேரோடு பேசுகிறேன். எப்படித் தேடினேன், கிடைத்தவர்களை எப்படி விடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும்.

முதலில் பட்டியல். கடைசி வருட குரூப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். எங்கள் போட்டோவில் 34 பேர். ஆறாம் வகுப்பில் இருந்ததோ 52 பேர். வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள எட்டாவதோடு வீட்டில் உட்கார்ந்தவர்கள், போட்டோவுக்குக் காசு இல்லாமல் அன்று லீவு போட்டவர்கள், யாரும் அதில் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர்கள் மட்டும்தான் வகுப்புத் தோழிகளா? என்னைக் கேட்டால், சேர்ந்த வருடத்திலிருந்து எழுத வேண்டும். அகரவரிசையில் யோசித்தால் பெயர்கள் வராது. ஜன்னலோர முதல் பெஞ்சில் யார், அவள் பக்கத்தில் யார் என்று பெஞ்சு பெஞ்சாக நடந்து பாருங்கள். ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

இன்னொன்று. '1978 செட்' என்று மட்டும் சொல்லி விசாரித்தால் குழப்பம் வரும். அந்த வருடம் பதினொன்றாம் வகுப்பின் பழைய எஸ்.எஸ்.எல்.சி.யும், பத்தாம் வகுப்பின் புது எஸ்.எஸ்.எல்.சி.யும் இரண்டும் நடந்தன. நாங்கள் கல்லூரியில் ஒரு வருடப் படிப்பான பி.யு.சி. போனோம், எங்களுக்குக் கீழே இருந்தவர்கள் பிளஸ் ஒன் போனார்கள். நாங்கள் 'பழைய எஸ்.எஸ்.எல்.சி. கடைசி செட்' என்று சொன்ன பிறகுதான் சரியான ஆட்கள் கிடைத்தார்கள்.

ஆண்களைத் தேடுவது எளிது. அதே பெயர், அதே இனிஷியல், பாதிப் பேர் அதே வீடு. பெண்களுக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறிவிடும், ஊர் மாறிவிடும். ஃபேஸ்புக்கில் பேரன் போட்டோவை வைத்துக்கொண்டு மகன் பெயரில் இருப்பாள். அதனால் அவள் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, அவள் பிறந்த வீட்டைத் தேடுங்கள். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, அண்ணன் தம்பி யார். அண்ணன் எங்கேயாவது கடை வைத்திருப்பார், இல்லையென்றால் பழைய வீட்டை வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் புதையல் மாதிரி: மாப்பிள்ளை ஊர், குலம் கோத்திரம், தாய்மாமன் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும்.

ஊர்த் திருவிழாவை விடாதீர்கள். எங்கள் ராஜகோபால சுவாமி கோயிலில் பங்குனிப் பிரம்மோற்சவம் 18 நாள். அதில் வெண்ணெய்த்தாழி அன்று வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பிறந்த ஊருக்கு வந்துவிடுவார்கள். கொரோனா அடங்கிய பிறகு ஒரு பங்குனியில், சாமி மேல் வீச வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நின்றேன். அன்று ஒரே காலையில் நான்கு பேர் கிடைத்தார்கள். ஒருத்தியை முகத்தை வைத்துத் தெரியவில்லை, சிரிப்பை வைத்துத்தான் தெரிந்தது.

நம்பர் கிடைத்ததும் முதல் போன். "நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்று மட்டும் விளையாடாதீர்கள். தெரியாத நம்பர் என்றாலே எல்லோருக்கும் பயமாக இருக்கிற காலம் இது. உங்கள் பெயர், அப்பா இனிஷியல், பள்ளி, எந்த பெஞ்சு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். மகன் எடுத்தால், "தம்பி, அம்மாகூட ஸ்கூல்ல படிச்சவ நான், அம்மாவுக்கு எப்ப தோதோ அப்ப பேசறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டுக்காரர் எப்படி இருக்கார், பிள்ளைகள் எத்தனை, இந்த இரண்டையும் முதல் நாள் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. அதிலிருந்து "இப்ப எந்த ஊர்ல இருக்கே?" என்று மட்டும்தான் கேட்கிறேன். மீதியை அவளே சொல்வாள். பத்து நிமிடம் கழித்து 'வாங்க போங்க' போய் 'வாடி' வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழு வேண்டும்தான். ஆனால் அதில் இருப்பதே தொடர்பு என்று நினைத்துவிடாதீர்கள். காலை வணக்கம் படம் போடுகிறவர்கள் ஆறு பேர் இருப்பார்கள், மற்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அட்மினாக இரண்டு பேர் இருங்கள். கட்சி, சாதி, பிள்ளைகளின் சம்பளம் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏ.பி.கே. என்று முடிகிற ஃபைல் வந்தால், தோழி பெயரிலேயே வந்திருந்தாலும் திறக்கக் கூடாது, அது போனுக்குள் புகுகிற திருட்டு ஆப்பாக இருக்கலாம். அவசரமாகப் பணம் வேண்டும் என்று யார் பெயரில் மெசேஜ் வந்தாலும், அவளுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டு, நம் வகுப்பில் நடந்த ஒன்றைப் பேசிப் பார்த்த பிறகுதான் மற்றது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

உண்மையான தொடர்பு தனிப் போன்தான். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். என்னுடையது நாற்பது பக்க நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். முதல் வரியில் எப்போது கூப்பிடலாம் என்று இருக்கும். ஒருத்தி பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பத்து மணிக்குத்தான் உட்காருவாள். ஒருத்திக்கு மருமகள் ஆபீஸ் போன பிறகுதான் வாய் திறக்கும். ஒருத்தி மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா போயிருந்தாள், அங்கே அவளுக்கு விடிகிறபோது எனக்கு மாலைக் காப்பி நேரம். காது மந்தமான இருவருக்கு வீடியோ கால், வாயசைவு தெரிந்தால் புரிந்துகொள்வார்கள். சாதா போன் மட்டும் வைத்திருக்கிறவர்கள் ஐந்து பேர். குழுச் செய்தி எதுவும் அவர்களுக்குப் போகாது. அந்த ஐந்து பேரையும் ஆளுக்கொருத்தியாகப் பிரித்துக்கொண்டு வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த வரிகளில் போன தடவை என்ன பேசினோம் என்று எழுதுவேன். கண்புரை ஆபரேஷன், எந்தக் கண், எந்தத் தேதி. அடுத்த முறை "இடது கண்ணு தெளிஞ்சுதா?" என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று போன், அதிகம் வேண்டாம். ஒரு சுற்று முடிய மூன்று மாதம் ஆகும்.

அப்புறம் பி.பி. நம்பர். வீட்டுக்கு வீடு போன் இல்லாத நாளில் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்துப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோமே, அதையேதான் கேட்கிறேன். ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒருவருடைய நம்பர் இருந்தே ஆக வேண்டும். எங்களில் ஒருத்தி, கோலம் அவ்வளவு அழகாகப் போடுவாள், குழுவில் மூன்று வாரம் எதுவும் போடவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று இருந்துவிட்டோம். அவள் போய்ச் சேர்ந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் மகனுக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அவனைத் தெரியாது. அதனால் நம்பரை வாங்குவதோடு விடாதீர்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு முறை நேரடியாகப் பேசி, "அம்மாவுக்கு ஏதாவதுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுப்பா" என்று சொல்லி வையுங்கள். உங்கள் வீட்டிலும் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.

சந்திப்பு வருடத்துக்கு ஒன்று போதும். மாடிப்படி ஏறாத, மேற்கத்திய கழிப்பறை உள்ள மண்டபம், பகல் சாப்பாடு, நான்கு மணிக்குள் கலைவது. சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடாதீர்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்கான கீழ் பெர்த் கோட்டா, ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் கிடைக்கும். இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் போடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள். ஒரு உறையைச் சுற்றில் விடுங்கள், முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு என்று எழுத வேண்டாம்.

எங்களில் ஒருத்திக்கு இப்போது மறதி நோய். அவளுக்கு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போன் போடுவேன், மருமகள் ஸ்பீக்கரில் வைப்பாள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதே இல்லை, அது பரீட்சை வைப்பது மாதிரி. "நான்தான், மூணாவது பெஞ்சு" என்று நானே சொல்லிவிட்டு, காலைப் பிரேயரில் பாடியதை மெதுவாகப் பாடுவேன். இரண்டாவது வரியை அவள் எடுத்துக்கொள்வாள்.