கீ சிக்னேச்சரில் எங்கே வழுக்குகிறது?

மேற்கத்திய இசைக்குறிப்பில், எந்த ஸ்வரங்களை அரை ஸ்வரம் ஏற்றி (ஷார்ப்) அல்லது இறக்கி (பிளாட்) வாசிக்க வேண்டும் என்று வரித் தொடக்கத்தில் சொல்லும் குறிகள்தான் கீ சிக்னேச்சர். உதாரணத்துக்கு, டிரெபிள் கிளெஃபுக்குப் (வலக்கை வரியின் தொடக்கச் சின்னம்) பக்கத்தில், மேல்கோட்டில் ஒரே ஒரு ஷார்ப். கீபோர்டு பழகும் பிள்ளை அந்த மேல்கோட்டு எஃப் வரும்போது சரியாகக் கறுப்புக் கட்டையை அழுத்திவிடும். கீழே முதல் இடைவெளியில் அதே எஃப் வந்தால் விரல் வெள்ளைக் கட்டைக்கு ஓடிவிடும். குறி எந்தக் கோட்டில் இருந்தாலும் எல்லா ஸ்தாயி எஃப்-க்கும், இடக்கை வாசிக்கும் எஃப்-க்கும் சேர்த்துத்தான் அது. இதற்காக ஒவ்வொரு எஃப் பக்கத்திலும் பென்சிலால் ஷார்ப் போட்டுக் கொடுக்காதீர்கள். கண் அதற்குப் பழகிவிட்டால் தொடக்கத்தைப் பார்க்கவே பார்க்காது. வாசிக்கும் முன் பக்கத்தில் உள்ள எஃப் எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

நடுவில் வரும் குறிகளுக்கு விதி வேறு. ஒரு எஃப்-க்கு நேச்சுரல் (ஷார்ப்பை நீக்கும் குறி) போட்டால் அந்த பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முடியும் வரை, அந்த ஸ்தாயியில் மட்டும்தான் செல்லும். பார் கோட்டைத் தாண்டியதும் பழையபடி ஷார்ப். டை (ஒரே ஸ்வரத்தை நீட்டும் வளைகோடு) போட்டு அடுத்த பாருக்கு இழுத்த ஸ்வரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதிகம் பேர் விழுவது இங்கேதான்: ஒரு ஷார்ப் என்றதும் ஜி மேஜர் (ஜி-யை சட்ஜமாகக் கொண்ட மேஜர் ஸ்கேல்) என்று முடிவு கட்டுவது. ஈ மைனருக்கும் அதே ஒரு ஷார்ப்தான். கிரக பேதம் (ஒரு ராகத்தின் வேறு ஸ்வரத்தை சட்ஜமாக வைத்து இன்னொரு ராகம் பெறுவது) தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சங்கராபரணத்தின் தைவதத்தை சட்ஜமாக வைத்தால் நடபைரவி வருகிறதல்லவா, அதே கணக்கு. கடைசி பாரில் இடக்கை எங்கே போய் அமர்கிறது என்று பாருங்கள். ஈ-யில் அமர்ந்து, வழியில் டி ஷார்ப் அடிக்கடி தலைகாட்டினால் பெரும்பாலும் ஈ மைனர். அந்த டி ஷார்ப் அச்சுப்பிழை அல்ல. நிஷாதத்தை ஏற்றி நடபைரவியைக் கீரவாணி ஆக்குகிறார்கள். அதை கீ சிக்னேச்சரில் சேர்க்கும் வழக்கமில்லை, வரும் இடத்தில்தான் எழுதுவார்கள்.

அப்புறம், கீ சிக்னேச்சரைப் பார்த்து மேஜரின் பெயரைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழி. கடைசி ஷார்ப்புக்கு அரை ஸ்வரம் மேலே மேஜரின் சட்ஜமம் என்பது சரிதான், ஆனால் பிளாட்டுக்கு அது செல்லாது. அங்கே கடைசிக்கு முந்தைய பிளாட்டே மேஜரின் பெயர்: பி பிளாட், ஈ பிளாட் என்று இரண்டு இருந்தால் பி பிளாட் மேஜர். ஒரே ஒரு பிளாட் என்றால் முந்தையது கிடையாதே? அது எஃப் மேஜர். அதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.